கடைமடையில் ஒரு கடல்

எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றில் கட்டப்பட்ட கிபே-3 அணையிலிருந்து எப்போது, எவ்வளவு தண்ணீர் இறங்க வேண்டும் என்பது அடிஸ் அபாபாவில் முடிவாகிறது. எத்தியோப்பியா விற்கும் மின்சாரத்தை எந்த விலைக்கு, எத்தனை ஆண்டுக்கு வாங்குவது என்பது நைரோபியில் முடிவாகிறது. இரண்டு தலைநகரங்களுக்கும் நடுவே, அந்த ஆறு போய் முடியும் இடத்தில், வடமேற்குக் கென்யாவின் துர்கானா மாவட்டம் கிடக்கிறது. தண்ணீர் பேச்சு நடக்கும் மேசையிலும் அதற்கு நாற்காலி இல்லை. மின்சாரப் பேச்சு நடக்கும் மேசையிலும் இல்லை.

கென்யச் செய்திகளில் துர்கானா என்ற பெயர் வறட்சி, பசி, துப்பாக்கி ஆகிய மூன்றோடு சேர்ந்தே வருகிறது. மூன்றும் பொய்யல்ல. 2020 இறுதியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் அடுத்தடுத்து 5 மழைக்காலங்கள் பொய்த்தபோது துர்கானாவில் ஆடுமாடுகள் மந்தை மந்தையாகச் செத்தன. உகாண்டா, தென் சூடான், எத்தியோப்பியா ஆகிய மூன்று நாடுகளைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லைகளில் கால்நடைக் கொள்ளையும் பழிவாங்கலும் ஓயவில்லை. 2015-16-ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்புப்படி இங்கே 100 பேரில் 79 பேர் வறுமைக்கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். அப்போது நாட்டின் சராசரி 36.

ஆனால் இந்த மூன்றை மட்டும் பார்த்தவர்கள் துர்கானாவை வெற்று நிலம் என்று நினைத்துக்கொண்டார்கள். அங்கே எதை வேண்டுமானாலும் நடலாம், தோண்டலாம், கட்டலாம் என்று நம்பினார்கள். 40 ஆண்டுகளாக அந்த மண்ணில் தோற்றுப்போன திட்டங்கள் பலவற்றின் வேர் இந்த நம்பிக்கைதான்.

பச்சை நீர், கறுப்புக் கல்

துர்கானா பரப்பில் தமிழ்நாட்டின் பாதிக்கும் சற்று அதிகம். 2019 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே வாழ்ந்தவர்கள் 9,26,976 பேர். தலைநகரான லோட்வாரில் ஆண்டு முழுக்கப் பெய்யும் மழை சுமார் 200 மில்லிமீட்டர். எல்கான் மலையில் பிறந்து வரும் துர்க்வெல் ஆறு லோட்வாரைத் தொட்டு ஓடுகிறது. அதன் இரு கரையிலும் கிளைவிட்டு வளரும் ஒருவகைப் பனை நிற்கிறது. பெண்கள் அதன் ஓலையில் கூடை முடைகிறார்கள். பஞ்ச காலத்தில் அதன் காய் சோறாகிறது.

கிழக்கு எல்லையின் பெரும்பகுதி ஏரி. 250 கிலோமீட்டருக்கும் நீளமான இந்தத் துர்கானா ஏரி, பாலைநிலத்தில் நிலையாக நீர் நிற்கும் ஏரிகளில் உலகிலேயே மிகப் பெரியது. சுற்றிலும் எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புப் பாறைகள். நடுவே, நுண்பாசியால் பச்சை படிந்த நீர். ஏரிக்கு வடிகால் கிடையாது. உள்ளே வரும் தண்ணீரில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு ஓமோ ஆறு ஒன்றே தருவது. ஆண்டுதோறும் 2 மீட்டருக்கும் மேல் தண்ணீர் வெயிலில் ஆவியாகிறது. வடிகால் இல்லாததால் நீரில் உப்பும் காரமும் ஏறிக்கொண்டே போகின்றன. ஓமோவில் வரும் வெள்ளம் குறைந்தாலும் கூடினாலும் ஏரிக்கரை நகர்ந்துவிடும். கரையோடு பிழைப்பும் நகரும்.

இந்த ஏரி நைல் நதிக்கு உறவுமுறை. சகாரா பசுமையாக இருந்த காலத்தில், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பு வரை, ஏரியின் மட்டம் இன்றைவிடப் பல பத்து மீட்டர் உயரத்தில் இருந்தது. நிரம்பி வழிந்த நீர் நைல் படுகைக்குப் போய்ச் சேர்ந்தது. நைல் பெர்ச்சும், தமிழகத்தில் ஜிலேபிக் கெண்டை என்று சந்தைக்கு வரும் திலாப்பியாவின் இனங்களும், நைல் முதலையும் இந்தப் பாலைவன ஏரியில் வாழ்வது அந்தப் பழைய தொடர்பினால்தான்.

மனிதத் தடயங்கள் இன்னும் ஆழமானவை. மேற்குக் கரையின் லோமெக்வியில் 2011-இல் கிடைத்த கற்கருவிகளுக்கு வயது 33 லட்சம் ஆண்டு. இதுவரை கிடைத்தவற்றில் மிகப் பழைய கருவிகள் என்று 2015-இல் அவற்றை அறிவியல் உலகுக்கு அறிவித்தார்கள். 1984-இல் நாரியோகோடோமே அருகே, தொல்மானிடவியலாளர் ரிச்சர்ட் லீக்கியின் குழுவிலிருந்த கென்யர் கமோயா கிமெயு ஒரு சிறு எலும்புத் துண்டைக் கண்டெடுத்தார். அதைத் தொடர்ந்து தோண்டியபோது, சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சிறுவன் ஒருவனின் எலும்புக்கூடு ஏறக்குறைய முழுமையாகக் கிடைத்தது. ‘துர்கானா சிறுவன்’ என்று உலகெங்கும் பாடநூல்களில் இடம்பெறுபவன் அவன்தான். லோத்தகம் என்ற இடத்தில், கிழக்கு ஆப்பிரிக்காவின் முதல் மேய்ப்பர்கள் சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் கல்தூண் நட்டு ஒரு பொது இடுகாடு அமைத்திருக்கிறார்கள். ஆண், பெண், குழந்தை, முதியவர் என்று 500-க்கும் மேற்பட்டோர் அங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். பெரியவர், சிறியவர் என்ற பாகுபாடு அந்த அடக்கங்களில் தெரியவில்லை. மழை குறைந்து ஏரி பின்வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. நெருக்கடியான காலத்தில் ஒரு சமூகம் சேர்ந்து நின்று கட்டிய இடம்.

இப்படிப்பட்ட நிலத்தை ‘வெற்று நிலம்’ என்று எழுதியவை காலனியக் காலத்து ஆவணங்கள். 1888-இல் வந்து சேர்ந்த ஐரோப்பியப் பயணிகளான சாமுவேல் டெலெக்கியும் லுட்விக் ஃபான் ஹோனலும் ஏரிக்கு ஆஸ்திரிய இளவரசர் ருடால்ஃபின் பெயரைச் சூட்டினார்கள். பின்னால் வந்த பிரிட்டிஷ் ஆட்சியைத் துர்கானா மக்கள் ஆயுதமேந்தி எதிர்த்தார்கள். 1918-இல் பிரிட்டிஷ் படை பெருந்தாக்குதல் நடத்தி, ஏராளமான கால்நடைகளைப் பறித்துக்கொண்டது. பிறகு அந்த மாவட்டத்தையே மூடிவைத்தார்கள். அனுமதியில்லாமல் வெளியார் உள்ளே போக முடியாது. விடுதலைப் போராட்டக் காலத்தில் ஜோமோ கென்யாட்டாவை முதலில் லோகிதாங் சிறையிலும், 1959 முதல் லோட்வாரில் காவலிலும் வைத்தார்கள். இரண்டு ஊரும் துர்கானாவில்தான் இருக்கின்றன. ஏரிக்குத் துர்கானா என்ற பெயர் 1975-இல், அதே கென்யாட்டா அதிபராக இருந்தபோது வந்தது. பெயர் மாறியது, தொலைவில் தள்ளிவைக்கும் பழக்கம் மாறவில்லை.

நடப்பதே வாழ்க்கை

துர்கானா மக்கள் சில நூற்றாண்டுகளுக்கு முன் இன்றைய உகாண்டாவின் கரமோஜா பக்கமிருந்து வந்தவர்கள். ஒட்டகம், மாடு, வெள்ளாடு, செம்மறி, கழுதை என்று ஐந்தையும் வளர்க்கிறார்கள். இப்படிப் பலவகை வைத்திருப்பதில் கணக்கு இருக்கிறது. மாடு புல் தேடும். வெள்ளாடும் ஒட்டகமும் முள்மரத் தழையில் பிழைக்கும். வீட்டைச் சுமக்கக் கழுதை. ஒரு வகை செத்தாலும் இன்னொரு வகை பால் தரும். மழை எங்கே பெய்தது என்று கேட்டறிந்து மந்தை அங்கே நகரும். ஆண்கள் கையோடு எடுத்துச் செல்லும் சிறு மரமுக்காலி, உட்கார இருக்கை, படுத்தால் தலையணை. ஓரிடத்தில் நிலையாகத் தங்காதவர்களை நாகரிகம் அறியாதவர்களாக எண்ணியவர்கள், ஓரிடத்தில் நிலையாகப் பெய்யாத மழையைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த வாழ்க்கை உடலிலும் பதிந்திருக்கிறது. பால், இரத்தம், இறைச்சி என்று பெரும்பகுதி கால்நடையிலிருந்தே உண்டு, குறைந்த தண்ணீரில் வாழும் துர்கானா மக்களின் மரபணுக்களைக் கென்ய ஆய்வாளர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். நீர் இழப்பைத் தாங்கச் சிறுநீரகத்துக்கு உதவும் ஒரு மரபணுவில் தலைமுறை தலைமுறையாகத் தேர்வு நடந்திருப்பதை அவர்கள் 2025-இல் வெளியிட்டார்கள். ஊரைவிட்டு நகரத்துக்குப் போய் உணவு மாறும்போது, இதே தகவமைப்பு நாட்பட்ட நோய்களுக்கு வழிவிடக்கூடும் என்றும் அவர்கள் எச்சரித்தார்கள். துர்கானாவில் ‘முன்னேற்றம்’ பேசும் எவரும் இதைப் படித்திருக்க வேண்டும்.

தோற்ற திட்டங்களின் வரிசை

ஏரிக்கரைக் கலோகோலில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலை நிற்கிறது. மேய்ப்பர்களை மீனவர்களாக்கினால் பஞ்சம் தீரும் என்று நார்வே நாட்டின் உதவியில் 1980களின் தொடக்கத்தில் கட்டினார்கள். மீனை உறையவைக்கத் தேவையான மின்சாரச் செலவு மீனின் விலையைத் தாண்டியது. தேவையான நல்ல தண்ணீரும் அந்தப் பகுதியில் இல்லை. குளிரூட்டும் எந்திரங்கள் சில நாள் ஓடி நின்றன. ஆலைக்கு மீன் தர வேண்டிய பெர்குசன் வளைகுடா, ஏரிமட்டம் இறங்கிய 1980களின் நடுவில் வற்றிப்போனது. மந்தையை விட்டுக் கரைக்கு வந்து குடியேறிய ஆயிரக்கணக்கானோர் மீனும் இல்லாமல் ஆடும் இல்லாமல் நின்றார்கள். அந்த வளைகுடா அவ்வப்போது வற்றும் என்பது கரையில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியாத செய்தியா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

கலோகோலில் மீன் வணிகம் இன்றும் நடக்கிறது. பெண்கள் மீனைப் பிளந்து, உப்பிட்டு, வெயிலில் காயவைக்கிறார்கள். அந்தக் கருவாடு லாரியேறி மேற்குக் கென்யாவைக் கடந்து காங்கோ வரை போகிறது. காசில்லாமல் கிடைக்கும் வெயிலும் காற்றும் செய்கிற வேலை அது.

இரண்டாவது கதை தமிழருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு மரத்தைப் பற்றியது. விறகுக்கும் மணல் பரவலைத் தடுக்கவும் என்று 1980களில் துர்கானாவில் சீமைக் கருவேலத்தை நட்டார்கள். இராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் கண்மாய்களை விழுங்கிய அதே மரம். துர்க்வெல் ஆற்றோரத்தில் அது அடர்ந்து பரவி, மேய்ச்சல் பூண்டுகளை அழித்து, மந்தைகள் தண்ணீருக்கு இறங்கும் தடங்களை அடைத்தது. 2008-இல் கென்ய அரசு அதைத் தீங்கு தரும் களையாக அறிவித்தது. தமிழ்நாட்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் அதை அகற்றச் சொன்னது. இரண்டு இடங்களிலும் நட்டது அரசுத் திட்டம். வேரோடு போராடுவது கிராமத்தார்.

மூன்றாவது, துர்க்வெல் அணை. 1990களின் தொடக்கத்திலிருந்து 106 மெகாவாட் திறனுள்ள இந்த நீர்மின் நிலையத்தின் மின்சாரம் கம்பியேறித் தெற்கே போனது. அதே ஆற்றின் கரையிலுள்ள லோட்வார் பல்லாண்டுகள் டீசல் எந்திரத்தை நம்பியிருந்தது.

நான்காவது, நிலத்தடி நீர். 2013-இல் லோத்திகிப்பி சமவெளியின் அடியில் பெரும் நீர்த்தேக்கம் கண்டுபிடிக்கப்பட்டதாக நைரோபியில் அறிவித்தார்கள். உலகச் செய்தி நிறுவனங்கள் கொண்டாடின. துளையிட்டுச் சோதித்தபோது அங்கே கிடைத்த நீர் குடிக்க முடியாத அளவு உப்பு.

ஐந்தாவது எண்ணெய். 2012 மார்ச்சில், லோகிச்சார் படுகையின் நகாமியா-1 கிணற்றில் டல்லோ நிறுவனம் கச்சா எண்ணெய் கண்டது. அதிபர் ம்வாய் கிபாகியே நாட்டுக்கு அறிவித்தார். அடுத்த ஆண்டே வேலைவாய்ப்பு கேட்டு உள்ளூர் மக்கள் வேலியிட்ட எண்ணெய்த் தளத்துக்குள் நுழைந்ததில் பணி நின்றது. வருவாயில் சமூகத்துக்கு 10 விழுக்காடு என்று நாடாளுமன்றத்தில் பேசப்பட்டது, 2019-ஆம் ஆண்டின் பெட்ரோலியச் சட்டத்தில் 5 விழுக்காடாகச் சுருங்கியது. மாவட்டத்துக்கு 20, மத்திய அரசுக்கு 75. 2019 ஆகஸ்டில் 2 லட்சம் பீப்பாய் மொம்பாசாவிலிருந்து கப்பலேறியது. அதற்குப் பிறகு பெருமளவு உற்பத்தி தொடங்காமலேயே ஆண்டுகள் ஓடின. 2025-இல் டல்லோ தன் கென்யச் சொத்துகளைக் கல்ஃப் எனர்ஜி நிறுவனத்துக்கு விற்க ஒப்புக்கொண்டது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே வேலியிட்ட தளங்கள் மட்டும் உடனே வந்துவிட்டன.

இந்த ஐந்திலும் ஒரே தவறு திரும்ப வருகிறது. பணம் வெளியே, திட்டம் வெளியே, முடிவு வெளியே. தோல்வி மட்டும் உள்ளூருக்கு.

வெள்ளத்துக்கு ஒரு காலம் உண்டு

ஆறாவதாக வந்த கிபே-3 இவை எல்லாவற்றையும்விடப் பெரிது. 243 மீட்டர் உயரம், 1,870 மெகாவாட் திறன். 2015-இல் நீர் தேக்கத் தொடங்கி, 2016 டிசம்பரில் திறந்துவைத்தார்கள். முதல் நிரப்பலின்போது துர்கானா ஏரியின் மட்டம் ஒன்றரை மீட்டருக்கு மேல் இறங்கியது. அணைக்குக் கீழே ஓமோ பள்ளத்தாக்கில் அரசுக் கரும்புத் தோட்டங்கள் பாசன நீரை இழுக்கின்றன. 1997-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான துர்கானா ஏரியின் தேசியப் பூங்காக்களை யுனெஸ்கோ 2018-இல் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது.

எத்தியோப்பியாவின் வாதத்தையும் கேட்க வேண்டும். கோடிக்கணக்கான எத்தியோப்பியர்களின் வீட்டில் விளக்கில்லை. அவர்களுடைய ஆற்றில் மின்சாரம் எடுக்க அவர்களுக்கு உரிமை உண்டு. 2006 ஆகஸ்டில் கட்டுக்கடங்காத ஓமோ வெள்ளம் கழிமுகத்தில் நூற்றுக்கணக்கானோரைக் கொன்றது. அணை அந்த வெள்ளத்தை அடக்கும். ஏரி வற்றிவிடும் என்று அஞ்சியதும் நடக்கவில்லை. 2019-க்குப் பிறகு பெய்த பெருமழையில் ஏரி உயர்ந்து, கரையோரக் குடியிருப்புகளையும் மீன் இறங்குதளங்களையும் மூழ்கடித்தது. பருவநிலை மாற்றத்தால் ஓமோ படுகையில் மழை கூடும், ஏரிக்கரை வெள்ளம் இனி அடிக்கடி வரும் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2021-இல் சொன்னது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஏரியின் உயிர் அதன் மட்டத்தில் மட்டும் இல்லை. வெள்ளம் வரும் காலத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை எத்தியோப்பிய மேட்டுநில மழை ஓமோவில் வண்டலோடு புரண்டு வரும். அந்த வண்டலில்தான் பாசி தழைக்கும். மூழ்கிய கரைப் புல்லில்தான் மீன் முட்டையிடும். வடிந்த நிலத்தில் கழிமுக மக்கள் சோளம் விதைப்பார்கள். மின்நிலையத்துக்கு வேண்டியதோ ஆண்டு முழுக்க ஒரே சீரான ஓட்டம். மொத்த நீர் அதே அளவாக இருந்தாலும், பருவம் போய்விட்டால் மீன் குறையும், வயல் குறையும், புல் குறையும். குறைந்ததற்குத் துர்கானா மீனவரும் எல்லைக்கு அப்பால் உள்ள தாசனாச் மக்களும் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள். 2025 பிப்ரவரியில் டோடோன்யாங் பக்கம் நடந்த தாக்குதலில் மீன்பிடிக்கப் போனவர்கள் பலர் திரும்பவில்லை.

அணைத் திட்டத்தின் ஆவணங்களே இதை உணர்ந்து, ஆண்டுக்கு 10 நாள் செயற்கை வெள்ளம் விடுவதாகப் பேசின. அது நடக்கிறதா, எவ்வளவு நடக்கிறது என்று கென்யக் கரையிலிருந்து சரிபார்க்க முறையான ஏற்பாடு இல்லை. ஓமோ–துர்கானா படுகைக்கென்று இரு நாடுகளும் கையெழுத்திட்ட நீர்ப்பங்கீட்டு ஒப்பந்தமும் இல்லை.

கரையிலிருந்து குரல் எழாமலும் இல்லை. இகால் அஞ்செலெய் தொடங்கிய ‘துர்கானா ஏரியின் நண்பர்கள்’ அமைப்பு, கென்ய அரசையே நீதிமன்றத்துக்கு இழுத்தது. எத்தியோப்பியாவுடன் செய்த மின்சார உடன்பாடுகளின் விவரங்களை வெளியிட வேண்டும் என்று 2014-இல் தீர்ப்பு வந்தது. இந்தப் போராட்டத்துக்காக அஞ்செலெய்க்கு 2012-இல் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது.

நைரோபியின் கையில் இருக்கும் சாவி

மேலே இருப்பவனிடம் கீழே இருப்பவன் கெஞ்சத்தான் முடியும் என்று நைரோபி இத்தனை காலம் நடந்துகொண்டது. 2022-க்குப் பிறகு அந்தச் சாக்கு செல்லாது. அந்த ஆண்டு நவம்பரிலிருந்து கென்யா எத்தியோப்பியாவிடம் மின்சாரம் வாங்குகிறது. ஒப்பந்தம் 25 ஆண்டுக்கு. முதல் 3 ஆண்டு 200 மெகாவாட், பிறகு 400. எத்தியோப்பிய மின்தொகுப்பின் பெரிய தூண்களில் ஒன்று கிபே-3. அந்த மின்சாரம் வரும், 1,000 கிலோமீட்டருக்கும் நீளமான மின்பாதை ஏரிக்குக் கிழக்கே மர்சாபிட் வழியாக நைரோபிக்கு அருகே சுஸ்வாவில் இறங்குகிறது. துர்கானா வழியாகப் போகவில்லை.

பணம் கொடுத்து வாங்குகிறவர் நிபந்தனை வைக்கலாம். ஆண்டுதோறும் வெள்ளக் காலத்தில் இத்தனை நாள், இத்தனை கனமீட்டர் நீர் விடப்படும் என்ற விதியை அந்த மின்கொள்முதல் உடன்பாட்டோடு இணைக்க வேண்டும். அணையிலிருந்து இறங்கும் நீரின் அளவும் ஏரியின் மட்டமும் நாள்தோறும் இரு நாட்டு மக்களும் பார்க்கும்படி வெளியாக வேண்டும். ஏரி உயரும்போது கரையோரக் குடும்பங்களுக்கு முன்கூட்டிச் செய்தி போக அந்தக் கணக்கே போதும். படுகைக்கென்று ஒரு கூட்டு ஆணையம் அமைத்து, அதில் துர்கானா, தாசனாச் மக்களின் பிரதிநிதிகளையும், ஏரிக்கரையில் மீன்பிடித்து வாழும் எல் மோலோ மக்களின் பிரதிநிதிகளையும் பார்வையாளர்களாக அல்லாமல், வாக்குள்ள உறுப்பினர்களாக உட்கார வைக்க வேண்டும்.

2010-ஆம் ஆண்டின் அரசியல் சட்டத்தால் உருவான 47 மாவட்ட அரசுகளில், மத்திய நிதிப்பகிர்வில் அதிகம் பெறுபவற்றில் துர்கானாவும் ஒன்று. 1992 முதல் ககுமா முகாமில் அகதிகளுக்கு இடம் கொடுத்து, அவர்களோடு கடைத்தெரு நடத்தி வாழக் கற்ற மாவட்டம் அது. தன் காரியத்தைத் தானே பேசும் வலிமை அதற்கு இருக்கிறது. லோட்வாரின் ஆளுநரும் பேரவையும் செய்ய வேண்டியதும் உண்டு: எண்ணெய்த் தளமோ அணையோ அடுத்த வேலி விழும் முன், 2016-ஆம் ஆண்டின் சமூக நிலச் சட்டப்படி மேய்ச்சல் நிலங்களை அந்தந்தச் சமூகத்தின் பெயரில் பதிவு செய்து முடிக்க வேண்டும். பதிவில்லாத நிலத்துக்கு வரும் இழப்பீடு மேய்ப்பர் கைக்கு நேராக வராது.

ஓமோவில் கிபே-3-க்குக் கீழே கொய்ஷா என்ற அடுத்த அணை எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் மதகுகள் மூடுவதற்கு முன் நைரோபி பேச வேண்டும். வெள்ளத்துக்கான விதி எழுத்தில் இல்லாமல் வாங்கும் ஒவ்வொரு மெகாவாட்டுக்கும் துர்கானா ஏரிக்கரை விலை கொடுக்கிறது. அந்த விலையைத் தன் மக்களின் மேல் சுமத்த கென்ய அரசுக்கு உரிமை கிடையாது.